குழியில் வைத்த இரும்புச் சட்டி

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது. என் புருஷன் ஜோரிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டாம் வருஷம் ஜூலை மாதம் முழுக்க அவனை ஆட்டிவைத்தது. கிராம்பு வைத்துப் பார்த்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். குடிப்பதில்லை என்று மெதடிஸ்ட் சபையில் கை உயர்த்திச் சத்தியம் செய்தவன், விஸ்கியைக்கூட வாயில் ஊற்றி ஊறவைத்தான். விழுங்காமல் துப்பிவிட்டேன் என்றான். நானும் நம்பியதுபோல் தலையாட்டினேன். ஒரு புட்டி முழுக்கக் குடித்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் படுத்து அந்த முனகலைக் கேட்டவளுக்குத்தானே தெரியும்.

கடைசியில் மேரிஸ்வில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதென்று முடிவானது. போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் வைத்தியனிடம் ஒரு நாள். மண்வாரியின் காம்பு உளுத்துப்போயிருந்ததால், நகரத்துக் கொல்லனிடம் கொடுத்துப் புதுக் காம்பு போட அதையும் தோளில் போட்டுக்கொண்டான். தங்கத்துக்காக மண் அலசுகிற மரத்தொட்டில் எங்களுக்கும் பக்கத்துக் குழி ஹாஸ்கிங்குக்கும் பொது. அது ஹாஸ்கிங் கரையில் கிடந்தது. ஆக நாங்கள் தோண்டுகிற குழியில் மிஞ்சியது பிக்காசு ஒன்றுதான்.

எங்கள் ஓடைக்கு நொண்டிக்கழுதை ஓடை என்று பேர், அங்கே அது போதும். ஓடையின் சட்டம் பத்து வரி. காட்லீப்பின் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. நாலாவது வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: வெளியூர் போகிறவன் தன் வேலைக்கருவியைக் குழியில் விட்டுப் போனால் பத்து நாள் வரை குழி அவனுடையது, கருவி இல்லாத குழி ஆளில்லாத குழி. கருவி இல்லாததை இரண்டு சாட்சியோடு எவன் முதலில் பார்க்கிறானோ, அவன் இறங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது ஜோரி குழிக்குள் இறங்கி, பிக்காசை எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் நட்டுவிட்டு ஏறினான்.

"அது இருந்தா நானே இருக்கிற மாதிரி, தம்சின்" என்றான்.

"உனக்கு அது எவ்வளவோ தேவலை. பல்லு வலிக்குதுன்னு புலம்பாது" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே என்னைத் திட்டினான். திட்டிக்கொண்டேதான் மலைப்பாதையில் ஏறினான். அதுதான் நாங்கள் வாய்விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு. வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

ஓடையின் மேல்பக்கம் மிசூரிக்காரர்கள், கீழ்ப்பக்கம் கார்ன்வாலிலிருந்து வந்த நாங்கள். வசந்த காலத்தில் அவர்கள் தண்ணீரை மறித்துக் கட்டினார்கள், நாங்கள் இரண்டு தடவை அதை உடைத்தோம். மூன்றாம் தடவை மண்வாரியும் கோடாலியுமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டார்கள். ஹாஸ்கிங்குக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. அவர்களில் ஒருவனுக்குக் காது போனது, அதைக் கடித்தது எங்கள் ஆள்தான், நான் ஒன்றும் நியாயம் பேச வரவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்டம் போட்டு அந்தப் பத்து வரியை எழுதினார்கள். இனிமேல் அடிதடி கிடையாது, எல்லாம் கை தூக்கி முடிவு செய்வோம் என்றார்கள். ஓடையில் முப்பது பேருக்கு மேல் மிசூரிக்காரர்கள், இருபது பேர் நாங்கள். கை தூக்குவது யாருக்குச் சௌகரியம் என்று சொல்லவா வேண்டும்.

அந்த வருஷம் அவர்கள் பக்கத்துக் குழிகள் வறண்டுகொண்டு வந்தன. பிளெவின்ஸ் என்று அவர்களில் ஒரு பெரிய ஆள். தினம் காலையில் பைப் புகைத்துக்கொண்டு எங்கள் கரைப்பக்கம் உலாத்துவான். ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்து, சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போவான். விசாரித்தது எங்களையல்ல, குழிகளைத்தான்.

ஓடையில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண், லேமுவேல் என்ற மிசூரிக்காரனின் மனைவி ஆர்மிண்டா. ஆண்கள் அடித்துக்கொண்ட நாட்களிலும் நாங்கள் நூலும் புளித்தமாவும் மாற்றிக்கொள்வோம். என் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும், அவள் பேச்சு எனக்கும் அப்படியே, ஆனாலும் ஓயாமல் பேசுவோம். ஜோரி போன ஐந்தாம் நாள் விடியும்போது அவள் காய்ச்சலில் செத்துப்போனாள். நான்தான் குளிப்பாட்டி, என்னுடைய நல்ல உடையை உடுத்திவிட்டேன்.

லேமுவேல் குழிவெட்டப் போனான். அந்த மேட்டில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே எல்லாம் கல். அவனுடைய பிக்காசு உடைந்து ஒரு வாரமாகிறது. பிளெவின்ஸிடம் கேட்டதற்கு, வேலை நேரத்தில் கருவி தர முடியாது, பொழுது சாய்ந்து வா என்றானாம். ஆகஸ்ட் வெயிலில் பொழுது சாயும்வரை பிணத்தை வைத்துக்கொண்டிருக்க முடியுமா? லேமுவேல் மண்வாரியால் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தான். உள்ளங்கை கிழிந்து காம்பெல்லாம் ரத்தம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கூடாரத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். பன்றிக்கறியைச் சட்டியில் வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே ரொட்டியைப் புரட்டிக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றான்.

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா" என்றான்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பிக்காசு எடுத்துத் தருகிறேன் வா என்றேன்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான், பிக்காசுக்குப் பதிலாக வைக்க அந்தச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்பதில் இந்த ஓடைக்கு வந்தவன் எவனிடம் தகரத் தட்டு இருந்தது? எல்லோரும் சமையல் சட்டியில்தான் மண் அலசினார்கள். எங்கள் முதல் தங்கத்தையும் நாங்கள் அதே சட்டியில்தான் கண்டோம். அதனால் அது கருவிதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிக்காசைப் பிடுங்கி லேமுவேலிடம் கொடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் சட்டியை வைத்தேன். அடியில் கொழுப்பு உறைந்து வெள்ளையாக இருந்தது. தண்ணீர் பத்து எட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கழுவி வைக்க எனக்குத் தோன்றவில்லை. ஆர்மிண்டா அங்கே வெயிலில் கிடக்கிறாள் என்பதுதான் மண்டைக்குள் இருந்தது.

இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடக்கம் செய்து, எனக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடி, அவன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, பிக்காசைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கி வந்தேன். எங்கள் குழிக்குள் பிளெவின்ஸும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். சட்டி வெளியே சரளைமேல் கவிழ்ந்து கிடந்தது.

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கார்ன்வாலில் என் அப்பா கழுதையைத் திட்டுகிற வார்த்தைகளெல்லாம் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தன. பிளெவின்ஸ் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"இது அடுப்பங்கரையா இருந்தா சட்டி போதும் அம்மணி. இது குழி. சாட்சி ரெண்டு பேரு பார்த்தாச்சு. கூட்டத்துல சொல்லிக்குங்க" என்றான்.

கூட்டத்தில் நான் எப்படிச் சொல்வது? பெண்களுக்கு அங்கே பேச்சு கிடையாது. காட்லீப்பின் கடை வாசலில் ஆண்கள் கூடுவார்கள், நாங்கள் சரக்கு வண்டிக்கு அந்தப்பக்கம் நிற்கலாம். நாங்கள் என்ன, இப்போது நான் ஒருத்திதான். ஹாஸ்கிங்கைப் பிடித்து நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் காதில் போட்டேன். அவனும் மறுநாள் கூட்டத்தில் தன்னால் ஆனமட்டும் பேசினான். பிணத்துக்குக் குழி வெட்டப் போன பிக்காசு, அதுவும் உங்கள் ஆளின் பெண்சாதிக்கு, என்றான். சட்டியில் மண் அலசாதவன் இங்கே யார், கையைத் தூக்கு பார்ப்போம், என்றான். மிசூரிக்காரர்களில்கூட நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். கூட்டத்தை நடத்துகிற காட்லீப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதுவும் ஒரு நியாயம்தான் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பிளெவின்ஸ், லேமுவேலிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றான். லேமுவேல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

"நேத்து குழியில பிக்காசு இருந்துச்சா?"

"இல்ல. என் கையில இருந்துச்சு. அக்காதான்—"

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு. சட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நேத்துக் காலைல அந்தச் சட்டிய எதுக்குப் பொழங்குனாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

லேமுவேல் வண்டிப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். பொய் சொல்லு, பொய் சொல்லு என்று நான் மனசுக்குள் கத்தினேன், ஞாயிறு தவறாமல் ஜெபம் செய்கிறவள்தான். ஆனால் அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவன் பொய்யனாக இருந்திருந்தால் என் புருஷன் இன்றைக்கு இருப்பான்.

"பன்னிக்கறி வறுத்தாங்க. நான்தான் தின்னேன்" என்றான்.

ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களில்கூட ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள். பிளெவின்ஸ் சட்டியை உயர்த்தி, விரலால் கொழுப்பை வழித்துக் காட்டினான். மண் அலசுகிற சட்டியில் கொழுப்பு இருந்தால் தங்கத்தூள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அது ஓடையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இதில் யாராவது தங்கம் அலசுவானா, இது கருவியா என்று கேட்டான். கேட்டதோடு சரி, வாதம் அங்கே முடிந்துவிட்டது. முப்பத்தொரு கை ஒரு பக்கம், இருபது கை ஒரு பக்கம். அந்த இருபதில் ஒன்று லேமுவேலுடையது. தூக்கிய கையை அவன் எல்லோரும் கலைந்த பிறகுதான் இறக்கினான். அது எனக்கு எதற்கு?

காட்லீப் சட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு வருத்தம்தான். வருத்தப்பட்டுக்கொண்டே குழியை அவர்கள் பேருக்கு எழுதிக்கொண்டார்.

ஏழாம் நாள் மத்தியானம் ஜோரி வந்தான். புதுக் காம்பு போட்ட மண்வாரி தோளில். மோவாயிலிருந்து உச்சந்தலைவரை துணிக்கட்டு, ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வைத்தியன் பல்லோடு தாடையிலும் கொஞ்சம் பேர்த்துவிட்டானாம், அதை எனக்குக் கையால் ஜாடை காட்டித்தான் சொன்னான். வாய் நிறையப் பஞ்சு. எடுத்தால் ரத்தம் கொட்டும், பத்து நாள் பேசக் கூடாது.

பேசக்கூடிய ஆளாக வந்திருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான், அப்புறம் காட்லீப்பிடம் போய்த் தொண்டை கிழியக் கத்தியிருப்பான், சாயங்காலத்துக்குள் பாதி கோபம் கரைந்திருக்கும். அவன் அப்படிப்பட்டவன். அவன் கோபம் எப்போதும் வாய் வழியாகத்தான் போகும். அன்றைக்கு அந்த வழி அடைத்திருந்தது.

நான் ஒன்று விடாமல் சொன்னேன். கொழுப்பைப் பற்றியும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவன் என் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். கோபமாக இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அப்புறம் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான். மணலை அள்ளிப் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்தான், கழுவினான், மறுபடி தேய்த்தான். விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெயிலில் திருப்பிப் பார்த்தான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை.

"காட்டுறேன்."

எனக்கு விளங்கிவிட்டது. இந்தச் சட்டியில் மண் அலச முடியும் என்று அவர்களுக்கு அலசிக் காட்டப் போகிறான். மறு கூட்டம் கேட்கப் போகிறான். வேண்டாம், கட்டு அவிழட்டும், ஹாஸ்கிங்கைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

குழிக்குள் மூன்று பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் குழியில் ஹாஸ்கிங் நிமிர்ந்து பார்த்தான். ஜோரி குழி விளிம்பில் மண்டியிட்டு, அவர்கள் தோண்டிப் போட்டிருந்த சரளையைச் சட்டி நிறைய வாரினான். அதைத் தொடாதே என்று பிளெவின்ஸ் சொன்னான். ஜோரி எழுந்து, பாரமான சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மார்புக்குமேல் உயர்த்தினான், அவர்கள் பார்க்கட்டும் என்று.

"காட்டுறேன்" என்றான். பஞ்சும் ரத்தமுமாக அது உறுமல் மாதிரிதான் வந்தது.

பிளெவின்ஸ் சுட்டான்.

நான் மூன்று எட்டுத் தள்ளி இருந்தேன். மூன்றே எட்டு. சட்டி முதலில் விழுந்தது, அவன் அதன்மேல் விழுந்தான். நான் போய்ப் புரட்டியபோது மார்பு முழுக்கச் சரளையாக இருந்தது. அதைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தேன், கீழே காயம் எங்கே என்றே தெரியவில்லை. அவன் கண் என்னைப் பார்த்தது. ஏதோ சொல்ல வந்தான். அந்தப் பாழாய்ப்போன பஞ்சை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன சொன்னான் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் கூட்டம். அதே கடை வாசல், நான் அதே வண்டிக்குப் பின்னால். இந்தத் தடவை சாட்சி ஹாஸ்கிங். எங்கள் ஆள். இரண்டு விரலை எங்களுக்காகக் கொடுத்தவன்.

"அவன் ஏதாவது சொன்னானா?" என்று காட்லீப் கேட்டார்.

"சொன்னான்."

"என்னன்னு?"

ஹாஸ்கிங்கும் பொய் சொல்ல மாட்டான். அவனும் ஜெபக்காரன்.

"காட்டுறேன்னான்."

"எதைக் காட்டுறேன்னான்?"

"அதச் சொல்லல. வாயில பஞ்சு இருந்துச்சு" என்றான்.

காட்டுகிறேன் என்று ஒருவன் உறுமிக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும் என்றான் பிளெவின்ஸ். அவன் குரலில் குதூகலம் ஒன்றும் இல்லை, சட்டியை விட்டு எட்டியே நின்றான். அவன் நிஜமாகவே பயந்துதான் சுட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் அவன்மேல் என் வெறுப்பு குறையவில்லை, வெறுக்க வசதி குறைந்துபோனது, அவ்வளவுதான். சட்டியைக் கைக்குக் கை கொடுத்தார்கள். ஒவ்வொருத்தனும் தூக்கிப் பாரம் பார்த்தான். நல்ல கனம், மண் நிறைந்திருந்தால் இன்னும் கனம், மண்டையில் விழுந்தால் மண்டை நிற்காது என்று பேசிக்கொண்டார்கள். அது ஆயுதமா இல்லையா என்று காட்லீப் கேட்டார். கைகள் உயர்ந்தன. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் அது கருவியே இல்லை என்று உயர்ந்த அதே கைகள்.

"அன்னிக்கு வெறும் சட்டின்னீங்களே" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

யாரும் திரும்பவில்லை. காட்லீப் மட்டும் மேசையைத் தட்டி, பெண்கள் பேசக் கூடாது என்று, என் முகத்தைப் பார்க்காமல் ஞாபகப்படுத்தினார். தற்காப்பு என்று எழுதினார்கள். பிளெவின்ஸ் குழிக்குத் திரும்பிப் போனான்.

ஜோரிக்குக் குழி வெட்டியது லேமுவேல்தான். பிக்காசைக் கேட்டு வந்து கூடார வாசலில் நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். ஆர்மிண்டாவுக்குப் பக்கத்திலேயே வெட்டினான், கல் நிறைய இருந்ததால் சாயங்காலம்வரை ஆனது. அடக்கம் முடிந்து பிக்காசைத் திருப்பிக் கொடுக்கும்போது, நான் ஒரு பொய் சொல்லியிருக்கணும் அக்கா என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஊருக்குத் திரும்ப எனக்கு வழியில்லை, ஓடையில் ஒரு பெண் பேருக்குக் குழியும் எழுத மாட்டார்கள். தனியாக இருக்கிற ஆண்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். ஒரு மாதம் கழித்து மிசூரிக்காரர்களும் சாப்பாடு கேட்டு வந்தார்கள். அவர்களோடு ஒருநாள் பிளெவின்ஸும் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தான். அவனுக்கும் போட்டேன். கை எரிந்தது, போட்டேன்.

என்னிடம் இருப்பது அந்த ஒரே சட்டிதான். காலையில் அதில்தான் பன்றிக்கறி வறுக்கிறேன். கடைசி ஆள் தின்று எழுந்ததும் அதை ஓடைக்கு எடுத்துப்போய், மணல் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.